நடிகராக இருந்து இயக்குநராவது எப்படி: கேரவனுக்கு வெளியே நடக்கும் வேலை

ஷாட் ஓகே ஆனதும் நடிகர் கேரவனுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் ஒளிப்பதிவாளர் விளக்குகளை இடம் மாற்றியிருப்பார். கலை உதவியாளர் சுவரில் இருந்த காலண்டரை இரண்டு அடி தள்ளி மாட்டியிருப்பார். இயக்குநர் எடுக்க வேண்டிய மூன்று ஷாட்டுகளில் ஒன்றை மனமில்லாமல் பட்டியலிலிருந்து அடித்திருப்பார். வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தயாரிப்பு நிர்வாகி நான்காவது முறையாகக் கேட்டிருப்பார். இருபது ஆண்டுகள் நடித்த ஒருவர்கூட இந்த நாற்பது நிமிடங்களைப் பார்த்திருக்க மாட்டார். படம் இயக்குவது என்பதில் பெரும்பகுதி அந்த நாற்பது நிமிடங்களில்தான் நடக்கிறது.

நான் பதினாறு ஆண்டுகளாக உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் வேலை செய்கிறேன். நடிகர்கள் முதன்முறையாக இயக்கிய இரண்டு படங்களில் தொடக்கம் முதல் வெளியீடு வரை உடன் இருந்திருக்கிறேன். ஒன்று நன்றாகப் போனது. இன்னொன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இரண்டிலும் பார்த்ததை வைத்தும், நம் சினிமாவில் இந்தப் பாதையில் போனவர்களின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றதை வைத்தும் இதை எழுதுகிறேன்.

இது புதிய பாதை அல்ல. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார். பானுமதி 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். எம்.ஜி.ஆர். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ எடுத்தார். பிறகு சாவித்திரி, கமல்ஹாசன், நாசர், சுஹாசினி, ரேவதி, பிரகாஷ்ராஜ், தனுஷ் என்று வரிசை நீளும். நடிகர் படம் இயக்கினால் அதை ஓர் ஆசை, ஒரு பொழுதுபோக்கு என்று பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. உழைப்போடு வரும் நடிகர் வேறு எவரையும்விட நல்ல இயக்குநராகும் வாய்ப்பு உள்ளவர் என்றே நம்புகிறேன்.

படி 1: நடிக்காமல் இயக்கச் சம்மதமா?

முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். இந்தக் கதையில் உங்களுக்கு வேடமே இல்லை என்றாலும் இதை எடுக்க ஆசைப்படுவீர்களா? சுஹாசினி 1995-இல் ‘இந்திரா’வை இயக்கியபோது அதில் நடிக்கவில்லை. ரேவதி தன் முதல் படமான ‘மித்ர் மை ஃபிரண்ட்’ படத்தில் ஷோபனாவை நடிக்க வைத்துத் தான் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றார். அந்தப் படம் சிறந்த ஆங்கில மொழிப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

பதில் “இல்லை” என்றால் அவமானம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தேவை நல்ல வேடம். அதை எழுதித் தரக்கூடிய ஓர் இளம் இயக்குநரைத் தேடுங்கள். பதில் “ஆம்” என்றால் மேலே படியுங்கள்.

படி 2: கால்ஷீட் இல்லாத நாளில் படப்பிடிப்புக்குப் போங்கள்

உங்களை நன்கு அறிந்த, நீங்கள் மதிக்கும் ஓர் இயக்குநரிடம் அனுமதி கேளுங்கள். அவர் படத்தில் உங்களுக்கு வேடம் இருக்கக் கூடாது. காலை முதல் ஷாட்டுக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே போய், பேக்கப் சொல்லி எல்லோரும் கிளம்பிய பிறகே வீடு திரும்புங்கள். குறைந்தது ஒரு முழு ஷெட்யூல் இப்படி இருக்க வேண்டும். நாற்காலி கேட்காதீர்கள். உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் நட்சத்திரமாகிவிடுவீர்கள், உங்களிடம் யாரும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நின்றுகொண்டு என்ன பார்ப்பது? இரண்டு நாட்கள், படம் மங்காமல் கேமராவின் ஃபோகஸைச் சரிசெய்யும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் பக்கத்தில் நில்லுங்கள். 35, 50, 85 மில்லிமீட்டர் என்று அவர் லென்ஸ் மாற்றும்போது முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள உறவு எப்படி மாறுகிறது என்பதை மானிட்டரில் கவனியுங்கள். 85-இல் நீங்கள் அரை அங்குலம் முன்னே சாய்ந்தபோது ஏன் “இன்னொரு டேக்” என்றார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கும். கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கக் குறிப்பு, எழுதும் உதவி இயக்குநரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தயாரிப்பு நிர்வாகியோடு ஒரு மாலை உட்கார்ந்து, மறுநாளைக்கு எத்தனை வண்டி, எத்தனை சாப்பாடு, யாருக்கு எவ்வளவு பேட்டா என்று அவர் போடும் கணக்கைப் பாருங்கள். ஒரு சிறிய படத்தில்கூட ஒரு நாள் நீண்டால் எத்தனை வீட்டின் கணக்கு மாறுகிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்தவர், பிறகு ஓர் அலங்கார ஷாட்டுக்காக அரை நாளை வீணாக்க மாட்டார்.

படப்பிடிப்பு முடிந்ததும் எடிட்டரின் அறை. இங்கே ஒரு வாரம் போதாது, ஒரு மாதமாவது வேண்டும். அதன்பின் எல்லா ஒலிகளையும் சேர்க்கும் இறுதி மிக்ஸிங்கில் சில இரவுகள்.

நடிப்புக்கு வெளியே ஒரு தொழிலைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் படி எளிதாக இருந்திருக்கிறது. சுஹாசினி ஒளிப்பதிவு படித்தவர், நடிக்க வருவதற்கு முன் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். கமல்ஹாசன் இளம் வயதில் நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக வேலை செய்தார். ராகவா லாரன்ஸ் நடனத்தின் வழியாகவே வந்தார். நடன உதவியாளர் ஒரு பாடலை எத்தனை ஷாட்டாக உடைப்பது, நாற்பது பேரை ஒரே சட்டகத்தில் எப்படி நிறுத்துவது என்பதைத் தினமும் யோசிக்கிறார். அவர் ஏற்கெனவே கேரவனுக்கு வெளியே இருந்து பழகியவர்.

படி 3: ஒரு குறும்படம்

பத்து நிமிடம், இரண்டு அல்லது மூன்று பாத்திரங்கள், ஒரே இடம். நீங்கள் நடிக்கக் கூடாது. பின்னணி இசை இல்லாமல் முதலில் வெட்டிப் பாருங்கள். இதை வெளியிட வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் பெயரைப் பார்த்துப் புகழாத மூன்று பேரிடம் காட்டி, கதை என்ன என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். மூவரும் ஒரே கதையைச் சொன்னால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: சீன் பேப்பரிலிருந்து முழுக் கதைக்கு

நம் நடிகர்களில் பலருக்குக் கையில் கிடைப்பது சீன் பேப்பர் மட்டும்தான். அன்றைய காட்சி, அன்றைய வசனம். கதையை ஒருமுறை வாயால் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். இதனால் ஒரு நடிகருக்கு ஒற்றைக் காட்சியைக் கூர்மையாக யோசிக்கும் திறமை வளர்ந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரத்தைச் சேர்த்து யோசிக்கும் பழக்கம் மட்டும் வருவதில்லை. நான் படித்த, நடிகர்கள் எழுதிய முதல் திரைக்கதைகளில் பெரும்பாலும் ஒரே குறை இருந்தது. ஒவ்வொரு காட்சியும் நன்றாக இருக்கும், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

அதைச் சரிசெய்ய நான் சொல்லும் பயிற்சி இது. திரைக்கதை முடிந்ததும் அதிலுள்ள ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்தின் பார்வையிலும் முழுக் கதையையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். வில்லனின் கதை, அம்மாவின் கதை, ஒரே ஒரு காட்சியில் வரும் காவலரின் கதை. அந்தப் பாத்திரம் திரையில் இல்லாத நேரத்தில் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுத முடியவில்லை என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) இந்த யோசனையையே படத்தின் உடலாக மாற்றியது. நடந்ததை முதலில் நாயகனின் எதிராளியான கொத்தாளத் தேவர் சொல்கிறார், பிறகு அதே நிகழ்ச்சிகளை விருமாண்டி சொல்கிறார். கதாநாயகனாக நடிப்பவரே தன்னை எதிராளியின் கண்ணால் ஒரு மணி நேரம் காட்டச் சம்மதிக்கிறார். நடிகராக இருந்து இயக்க வருபவர் இந்தப் படத்தை ஒருமுறையாவது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கதையை எங்கிருந்து எடுப்பது? உங்களுக்கு உள்ளிருந்து தெரிந்த உலகத்திலிருந்து எடுங்கள். நாசரின் முதல் படமான ‘அவதாரம்’ (1995) தெருக்கூத்துக் கலைஞர்களின் உலகில் நடக்கிறது. நடிப்புக் கலையின் பசியையும் ஏக்கத்தையும் நடிகர் ஒருவரைவிட யார் நெருக்கமாகச் சொல்ல முடியும்? தனுஷின் ‘ப. பாண்டி’ (2017) ஓய்வுபெற்ற சண்டைப் பயிற்சியாளரைப் பற்றியது. படப்பிடிப்புத் தளத்தில் தினமும் பார்த்து, யாரும் கதையாக்காமல் விட்ட ஒரு மனிதர் அவர். பிரகாஷ்ராஜ் வேறு வழியில் போனார். ‘அபியும் நானும்’ படத்தில் தந்தையாக நடித்தவர், 2010-இல் அதையே கன்னடத்தில் தன் முதல் படமாக இயக்கினார். ஒரு பாத்திரமாக வாழ்ந்து முடித்த கதையை வெளியே நின்று இன்னொரு முறை பார்ப்பது, முதல் முறை இயக்குபவருக்கு நல்ல பாதுகாப்பு.

நீங்களே எழுத வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பிருத்விராஜின் முதல் படமான ‘லூசிஃபர்’ (2019) முரளி கோபி எழுதியது. நாயகன் மோகன்லால். இயக்குநர் தனக்கு வைத்துக்கொண்டது சிறிய வேடம். “கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்” என்று நான்கையும் ஒரே பெயரில் போட்டாக வேண்டும் என்பது நம்மிடம் வேரூன்றிவிட்ட ஆசை. முதல் படத்தில் அதை விடுங்கள் என்பேன்.

எழுதி முடித்த திரைக்கதையைப் பக்க எண்ணிட்டு, பைண்ட் செய்து, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். தலைப்பையும் முறைப்படி பதிவு செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் பூஜைக்கு முன்பே செய்துவிடுங்கள்.

படி 5: பணமும் காலமும்

இதைப் பற்றி நேரடியாகப் பேச வேண்டும். சாவித்திரி 1968-இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ எடுத்து இயக்குநரானார். 1971-இல் சிவாஜி கணேசனோடு தானே நடித்து, தயாரித்து, இயக்கிய ‘பிராப்தம்’ தோல்வியடைந்தது, பொருளிழப்பு அவரை நிலைகுலைய வைத்தது. திறமையில் அவருக்கு என்ன குறை? நடிகை, இயக்குநர், தயாரிப்பாளர் ஆகிய மூன்று சுமைகளும் ஒரே தோளில் ஏறியதுதான் என்னை வருத்தப்பட வைக்கிறது. முதல் படத்தை உங்கள் வீட்டை வைத்துத் தயாரிக்காதீர்கள். வேறொருவர் பணம் போடும்போது “இது தேவையா?” என்று கேட்கும் ஒரு குரல் தளத்தில் இருக்கும். அந்தக் குரல் உங்களுக்குத் தேவை.

ஒப்பந்தத்தில் நடிப்புக்கான சம்பளத்தையும் இயக்கத்துக்கான சம்பளத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் இன்னொன்றை மறைத்தால் பிறகு நாள் நீளும்போது மனக்கசப்பு வரும்.

காலக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு படத்தில் நடிகராக உங்களுக்கு நாற்பது நாள் வேலை என்றால், இயக்குநராக ஒன்றரை ஆண்டு வேலை. அந்தக் காலத்தில் நடிப்பு வருமானம் நின்றுவிடும். வீட்டுச் செலவை அதற்கேற்ப முன்பே ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். “நடுவில் பத்து நாள் அந்தப் படத்துக்குப் போய் வந்துவிடுகிறேன்” என்று கிளம்புவது பெரிய தவறு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு படங்களில் இரண்டாவது சரிந்தது அந்தப் பத்து நாட்களில்தான். அதை இயக்கிய நடிகர் திரும்பி வந்தபோது அவர் தாடி மாறியிருந்தது. அது ஒட்டுத் தாடியில் சரியாகிவிட்டது, கதை அவர் மனதிலிருந்து நழுவியதை யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

படி 6: “வேண்டாம்” என்று சொல்லக்கூடியவர்களைச் சேருங்கள்

ஒளிப்பதிவாளர் உங்களைவிட அனுபவசாலியாக இருக்கட்டும். எடிட்டரைத் திரைக்கதை நிலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இணை இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மிகவும் யோசியுங்கள். உங்கள் ரசிகரையோ உறவினரையோ வைக்காதீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே “அண்ணா, அந்த டேக் சரியில்லை” என்று சொல்லக்கூடியவர் வேண்டும். நேர்காணலில் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் நடித்து நன்றாக ஓடிய ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அதில் உங்கள் நடிப்பு எங்கே தவறியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரை அனுப்பிவிடுங்கள்.

கூட்டாக இயக்குவதும் ஒரு நல்ல வழி. ஆர்.ஜே. பாலாஜி 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தை என்.ஜே. சரவணனோடு சேர்ந்து இயக்கினார். ஒருவர் கேமராவுக்கு முன்னால் இருக்கும் நேரத்தில் இன்னொருவர் மானிட்டரில் இருக்கலாம்.

படி 7: தளத்துக்குப் போவதற்கு முன்

லொகேஷன் பார்க்க நீங்களே போங்கள், கதையில் அந்தக் காட்சி நடக்கும் நேரத்திலேயே போங்கள். காலை பத்து மணிக்குப் பிடித்த தெரு, மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வேறு தெருவாகியிருக்கும்.

ஒவ்வொரு காட்சியையும் எந்தெந்த ஷாட்டாகப் பிரிப்பது என்ற ஷாட் டிவிஷனை எழுதுங்கள். தளத்தில் அதை அப்படியே பின்பற்றப்போவதில்லை என்றாலும் எழுதுங்கள். நடிகருக்குத் தளத்தில் நல்ல யோசனைகள் நிறைய வரும், அதுதான் அவருடைய பழக்கம். எழுதிவைத்த ஒன்று கையில் இருந்தால்தான் புது யோசனை அதைவிட மேலானதா என்று ஒப்பிட முடியும்.

நடிகர்கள் அனைவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து முழுத் திரைக்கதையை வாசியுங்கள். ஒற்றை வசனம் உள்ளவரையும் அழையுங்கள். சீன் பேப்பரோடு வாழ்ந்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஷெட்யூல் போடும்போது ஒரு விதி. முதல் மூன்று நாட்களில் நீங்கள் நடிக்கும் காட்சி எதுவும் வேண்டாம். குழுவினர் உங்களை இயக்குநராகப் பார்த்துப் பழக அந்த மூன்று நாட்கள் தேவை.

படி 8: மற்ற நடிகர்களை இயக்குவது

நடிகர் இயக்குநரானால் இதில்தான் அவர் மற்றவர்களைவிட முந்தி நிற்க முடியும். தவறுவதும் இதே இடத்தில்தான்.

தவறு பெரும்பாலும் நடித்துக் காட்டுவதில் தொடங்குகிறது. நம் சினிமாவில் நடித்துக் காட்டி வேலை வாங்கும் இயக்குநர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் நடிகர்களாக இல்லாததால், அவர்கள் காட்டியதில் இருந்த உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டு நடிகர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். நீங்கள் காட்டினால் நிலைமை வேறு. நீங்கள் தேர்ந்த நடிகர். நீங்கள் காட்டியதை அப்படியே திரும்பச் செய்யவே எதிரில் இருப்பவர் முயல்வார். நாற்பது நாள் கழித்து எடிட்டிங் அறையில் பார்த்தால் ஏழு பாத்திரங்களும் உங்களைப் போலவே தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருக்கும். இது என் கற்பனை இல்லை, அந்த இரண்டு படங்களில் முதலாவதில் பத்தாவது நாளில் இதைக் கண்டுபிடித்து நடுங்கிப்போனோம். அன்று முதல் அந்த இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவது என்று தீர்மானித்தார். கடைசி நாள் வரை கட்டிக்கொண்டேதான் பேசினார்.

பிறகு எப்படிச் சொல்வது? உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒரு வேலையைச் சொல்லுங்கள். “சோகமாகப் பாருங்கள்” என்றால் முகம் சுருங்கும். “அவர் சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று கண்ணாலேயே தேடுங்கள்” என்றால் முகம் தானாக மாறும். மகன் ஊருக்குப் போகிறான் என்பதைத் தாய் எப்படித் தாங்கிக்கொள்கிறாள் என்று விளக்க வேண்டியதில்லை. அவள் கையில் ஒரு டிபன் டப்பாவைக் கொடுத்து அதன் மூடியைச் சரியாக மூடச் சொன்னால் போதும்.

அனுபவமுள்ளவரிடம் குறைவாகப் பேசுங்கள். புதியவரிடம் தனியாகப் பேசுங்கள், எல்லோருக்கும் நடுவில் திருத்தாதீர்கள். நடிகர் தேர்வுக்கு வந்து காத்திருந்து திரும்பிய நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும், அந்த நினைவை இங்கே பயன்படுத்துங்கள். “ஆக்‌ஷன்” என்று கத்துவதைத் தவிர்த்து அமைதியாகக் காட்சியைத் தொடங்கும் பழக்கம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு உண்டு என்பது சினிமாக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. 1971-இல் இயக்கத் தொடங்கிய அவரும் நடிகர்தான். அந்தச் சத்தம் உடம்பில் என்ன செய்யும் என்பது நடிகனுக்குத்தான் தெரியும்.

படி 9: உங்களை நீங்களே இயக்குவது

தயாரிப்பாளர் உங்கள் முகத்தை நம்பித்தான் பணம் தருகிறார் என்றால் நடிக்காமல் இருக்க முடியாது. அதையும் மறுப்பதற்கில்லை. ‘நாடோடி மன்னன்’ படத்தில் எம்.ஜி.ஆர். தயாரிப்பாளர், இயக்குநர், இரட்டை வேட நாயகன் எல்லாமும் அவரே. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், ஒரு பகுதி கறுப்பு வெள்ளை, ஒரு பகுதி வண்ணம். உடனே திரும்பப் போட்டுப் பார்க்கும் மானிட்டர் இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

முடிந்தால் தனுஷ் செய்ததைச் செய்யுங்கள். ‘ப. பாண்டி’யில் முழுப் படத்தையும் ராஜ்கிரண் தாங்குகிறார், தனுஷ் இளம்வயதுப் பாண்டியாக முன்கதையில் மட்டும் வருகிறார். படத்துக்கு நட்சத்திர முகமும் கிடைத்தது, இயக்குநருக்கு நேரமும் கிடைத்தது.

நிறைய நடித்தே ஆக வேண்டும் என்றால், தளத்தில் சில ஏற்பாடுகள் தேவை. உங்கள் உயரமும் நிறமும் ஒத்த ஒருவரை நிறுத்தி விளக்கு வைக்கட்டும், ஒத்திகை பார்க்கட்டும். நீங்கள் மானிட்டரில் அதைப் பார்த்துச் சட்டகத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு உள்ளே போய் நில்லுங்கள். டேக் முடிந்ததும் முதல் சொல் இணை இயக்குநருடையதாக இருக்க வேண்டும். அவர் “ஓகே” அல்லது “இன்னொன்று” என்று சொன்ன பிறகே நீங்கள் மானிட்டருக்கு வர வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் ஓடிவந்து பார்த்தால் ஒரு நாளில் பாதி அதிலேயே போய்விடும். காட்சிக்கு ஒரு முறை பார்த்தால் போதும். காட்சியின் நடுவில், நடித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரில் இருப்பவரின் நடிப்பை எடை போடாதீர்கள். கண்ணில் அது தெரிந்துவிடும். நீங்கள் இயக்குநராகப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரிந்துவிடும், காட்சி செத்துவிடும்.

எந்த வரிசையில் எடுப்பது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழுக் காட்சியையும் காட்டும் மாஸ்டர் ஷாட், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் இருவர் பக்கமும், பிறகு குளோசப். பெரும்பாலும் முதலில் நாயகனின் குளோசப் எடுக்கப்படும். உங்கள் படத்தில் இதை மாற்றுங்கள். எதிரில் இருப்பவரின் குளோசப்பை முதலில் எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு முதிய பெண்மணி. கிராமத்து நாடகங்களில் நடித்தவர், படத்தில் அவருக்கு நான்கே காட்சிகள். மகனாக நடிக்கும் இயக்குநர் அவரிடம் ஓர் உண்மையைச் சொல்லும் காட்சி. பிற்பகல் முழுவதும் மகனின் குளோசப் எடுத்தோம், பதினான்கு டேக். ஒவ்வொன்றிலும் அந்த அம்மா கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அவர் பக்கம் கேமராவைத் திருப்பியபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அவரிடமும் கண்ணீர் மிச்சமில்லை. ஒரே டேக்கில் முடித்தோம். எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சியை ஆறு விதமாக வெட்டிப் பார்த்தோம். மகன் சொல்வதைத் தாய் கேட்கும் முகம்தான் காட்சி என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த முகம் எங்களிடம் இல்லை. நான் அன்று இணை இயக்குநர். ஐந்தாவது டேக்கில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

படி 10: எடிட்டிங் அறை

படப்பிடிப்பு முடிந்ததும் பத்து நாட்கள் எடிட்டரிடம் போகாதீர்கள். அவர் திரைக்கதையை வைத்து முதல் தொகுப்பைச் செய்யட்டும். அது மூன்றரை மணி நேரம் இருக்கும், உங்களுக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான்.

நடிகருக்கு இங்கே ஒரு தனிச் சோதனை. உங்கள் நல்ல நடிப்பு எது என்று உங்களுக்கு உடம்பிலேயே தெரியும். எந்த டேக்கில் உள்ளுக்குள் ஏதோ நிகழ்ந்தது என்பது நினைவில் இருக்கும். திரையில் அது தெரிகிறதா என்பது வேறு விஷயம். நடிக்கும்போது உணர்ந்ததும் பார்ப்பவருக்குக் கிடைப்பதும் பல நேரங்களில் பொருந்துவதில்லை. எந்த டேக் என்பதை முதல் சுற்றில் எடிட்டரே முடிவு செய்யட்டும், உங்கள் விருப்பத்தை அவரிடம் சொல்லாதீர்கள்.

அடுத்து, படத்தை ஒலியே இல்லாமல் ஒருமுறை முழுவதும் பாருங்கள். நடிகர்கள் வசனத்தை நம்பிப் பழகியவர்கள். ஒலி இல்லாமல் பார்க்கும்போது எங்கே படம் நின்றுபோகிறது என்பது தெளிவாகத் தெரியும். அதன்பின் உங்களுடைய ஷாட்டுகளை மட்டும் எண்ணிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எதிராளியின் முகத்தால் மாற்ற முடியுமா என்று எடிட்டரிடம் கேளுங்கள். மாற்றி நன்றாக இருப்பவற்றை மாற்றிவிடுங்கள்.

டப்பிங் உங்கள் சொந்த வீடு. மற்ற இயக்குநர்கள் தடுமாறும் இந்த இடத்தில் நீங்கள் தைரியமாக வேலை செய்யலாம். மூச்சு, தயக்கம், உதடு பிரியும் சிறு ஒலி எல்லாம் உங்கள் காதுக்குத் தெரியும்.

தணிக்கையைப் பற்றி இரண்டு வரி. 2024-இல் வந்த விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த வயதினருக்கான படம் என்பதைத் திரைக்கதை நிலையிலேயே முடிவு செய்யுங்கள். மாடோ நாயோ நடிக்கும் காட்சி இருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்குங்கள். கடைசியில் ஓடினால் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும்.

படி 11: வெளியீட்டுக்குப் பிறகு

படம் ஓடாமல் போகலாம். சார்லஸ் லாட்டன் என்ற பெரிய நடிகர் 1955-இல் ஒரே ஒரு படத்தை இயக்கினார். அது அன்று கொண்டாடப்படவில்லை, அவர் மறுபடி இயக்கவே இல்லை. இன்று உலகெங்கும் இயக்குநர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கற்கிறார்கள். அவர் இன்னும் இரண்டு படங்கள் எடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். முதல் வார வசூலை வைத்து “இது நமக்கு வேண்டாம்” என்று முடிவெடுக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள்.

முதல் வாரத்தில் மூன்று வெவ்வேறு ஊர்களில், சாதாரணக் காட்சியில், பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் மக்களின் முகத்தைப் பாருங்கள். எங்கே கைப்பேசி வெளிச்சம் தெரிகிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திரைக்கதைக்கு அந்தக் குறிப்புதான் முதல் பக்கம்.

பிறகு நடிக்கத் திரும்புங்கள், வருமானத்துக்காக மட்டும் அல்லாமல். அந்த இரண்டு படங்களில் முதலாவதின் இயக்குநர், படம் வெளிவந்த நான்கு மாதங்களில் வேறொருவர் படத்தில் நடிக்கப் போனார். அங்கேயும் நான் வேலை செய்தேன். அவர் ஷாட் முடிந்தது, கேரவன் கதவைத் திறந்து உதவியாளர் காத்திருந்தார். அடுத்து ஒரு துணை நடிகரின் குளோசப். இதுபோன்ற நேரத்தில் நாயகனின் வசனத்தை உதவி இயக்குநர்தான் வெளியிலிருந்து வாசிப்பார். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் துணை நடிகரின் பார்வை எங்கே விழுமோ அங்கே போய் நின்று, வசனத்தைச் சொல்லத் தொடங்கினார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.